டாக்டருன்னா எந்த டாக்டரு, தாயி?

நீ டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு உங்க அப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான் தாயி. முதல்ல அவன் வாயைக் கட்டு. டீக்கடையில ஏற்கெனவே மூணு கிழவனுக சுகர் மாத்திரைச் சீட்டோட உனக்காகக் காத்துக்கிட்டிருக்கானுக. அதுல ஒருத்தன் பீஸை இப்பவே பேசி முடிச்சிருவோம்ங்கிறான். பிள்ளை படிச்சது தாவரவியல்ல எம்.எஸ்சி., போகப் போறது பிஎச்.டி.க்கு, அதுக்குத் தெரிஞ்ச வைத்தியமெல்லாம் இலையில புள்ளி விழுந்தா என்ன செய்யணுங்கிறதுதான்னு நான் சொன்னா, பெருசுக்குப் பொறாமைங்கிறானுக.

அவனுகளையும் குத்தம் சொல்ல முடியாது. ஊசி போடுறவரும் டாக்டர். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுந்துட்டு, சங்க இலக்கியத்துல ஆராய்ச்சி முடிச்சவரும் டாக்டர். மாட்டுக்கு மருந்து கொடுக்கிறவரும் டாக்டர். மேடையில தொப்பியும் அங்கியும் மாட்டிக்கிட்டு ஒரு உருளைக் காகிதத்தை வாங்கிட்டு எறங்கினவரும் டாக்டர். நாலு பேரும் ஒரே கல்யாணப் பத்திரிகையில வந்துட்டா, ராத்திரி நெஞ்சு வலிச்சா யாரை எழுப்புறதுன்னு சம்பந்திக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு பாக்குறே. நான் ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பிரிவுல அட்டெண்டரா இருந்து ஓய்வு பெத்தவன். கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்து பொறிச்ச தீசிஸ் கட்டுகளைத் தூக்கித்தான் எந்தோளு ஒருபக்கம் எறங்கிப் போச்சு. ஒரு உண்மையைச் சொல்றேன், வெளியே சொல்லாத. அந்தத் தீசிஸ்கள்ல பாதியை, படிச்சவுகளை விடத் தூக்கினவுகதான் அதிகம்.

சரி, வைத்தியக்கார டாக்டரை முதல்ல முடிச்சிருவோம். அந்தப் பக்கம் நீ போகப் போறதில்ல, ஆனா டீக்கடைக்குப் பதில் சொல்லணும்ல. எம்.பி.பி.எஸ்.ங்கிறது அஞ்சரை வருசம், பயிற்சியையும் சேத்து. அது இளங்கலைப் பட்டம் தாயி. நம்ம முத்தையா மகன் வாங்கின பி.ஏ. எந்தப் படியோ, அந்தப் படி. ஆனா பட்டம் வாங்கின மறுநாளே ஊரு கையெடுத்துக் கும்பிடுது. அதுக்கு மேல மூணு வருசம் படிச்சா எம்.டி., கத்தியைப் பிடிச்சா எம்.எஸ். இதுல வேடிக்கையைப் பாரு, ரெண்டும் ஒரே படிதான். ஒருத்தருக்குப் பட்டத்திலேயே ‘டாக்டர்’ இருக்கு, இன்னொருத்தருக்கு ‘மாஸ்டர்’தான் இருக்கு. வயித்தைக் கிழிச்சுத் தைக்கிறவரு மாஸ்டராம்! அதுக்கும் மேல மூணு வருசம், இருதயம், நரம்பு, சிறுநீரகம்னு ஒண்ணைப் பிடிச்சு உக்காந்தா டி.எம்., அறுவை சிகிச்சைக்கு எம்.சிஎச். கூட்டிப் பாரு, பதினொன்றரை வருசம். அதுக்குள்ள நம்ம ஊருப் பிள்ளைகளுக்கு ரெண்டு பிள்ளை பொறந்து காதுகுத்தும் முடிஞ்சிருது.

இங்க எம்.டி.ங்கிறது எம்.பி.பி.எஸ்.க்கு மேல. அமெரிக்காவுல வைத்தியத்துக்கு முதல் பட்டமே எம்.டி.தான், நாலு வருசம் வேற ஏதாவது படிச்சுட்டு, அதுக்கப்புறம் நாலு வருசம் அது. இங்கிலாந்துல எம்.டி.ன்னா ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பட்டம். மூணு நாட்டுலயும் எழுத்து ரெண்டே ரெண்டுதான், ஆனா பொருள் மூணு. அதனால அமெரிக்க மாப்பிள்ளை எம்.டி.ன்னு எவனாவது ஜாதகம் கொண்டாந்தா, எந்த நாட்டு எம்.டி.ன்னு கேக்கணும். மேனேஜிங் டைரக்டரான்னும் கேட்டுக்க. அப்படியும் ஒரு கூட்டம் இருக்கு.

இங்கிலாந்துக்காரன் கூத்து இதை விடப் பெருசு. அங்க அறுவை சிகிச்சை நிபுணரை டாக்டர்னு கூப்பிட்டா மூஞ்சி சுண்டிப் போகும். அவுகளுக்கு ‘மிஸ்டர்’தான் மரியாதை. ஏன்னா, அந்தக் காலத்துல பல்கலைக்கழகத்துல படிச்சு எம்.டி. வாங்கினவுக மருந்து மட்டுந்தான் எழுதுவாக. வெட்டுறது, கீறுறது, கல்லெடுக்கிறதெல்லாம் முடிதிருத்துறவுக கையில இருந்துச்சு. லண்டன்ல 1745 வரைக்கும் ரெண்டு தொழிலுக்கும் ஒரே சங்கம். அப்புறம் பிரிஞ்சு போயி படிப்பு, பட்டம், பணம் எல்லாம் வந்த பிறகும், பழைய ‘மிஸ்டரை’ விடாமப் பெருமையா வச்சுக்கிட்டாக. நம்ம பக்கமும் அதே கதைதான். எங்க சின்ன வயசுல முடிவெட்ட வாரவருதான் கட்டியைக் கீறி மருந்து வைப்பாரு, அவரு வீட்டம்மாதான் பேறுகாலம் பாப்பாக. இந்த ஊருல எங்க செட்டு ஆளுக அத்தனை பேரும் அந்த அம்மா கையில விழுந்தவுகதான். அவுகளுக்கு நாம என்ன பட்டம் கொடுத்தோம்? வாசல்ல நிக்க வச்சு நெல்லு கொடுத்தோம். அந்தப் பேச்சை எடுத்தா ஊரு தலைகுனியணும், விடு.

மருந்துக்கடைப் படிப்புலயும் ஒரு டாக்டர் வந்தாச்சு. ஃபார்ம்.டி., பிளஸ் டூ முடிச்சு ஆறு வருசம், 2008-ல இந்தியாவுக்கு வந்துச்சு. அமெரிக்காவுல வக்கீல் படிப்புக்கே ‘ஜே.டி.’ன்னு டாக்டர் பட்டந்தான். ஆனா அங்க எந்த வக்கீலையும் யாரும் டாக்டர்னு கூப்பிடுறதில்ல; கூப்பிட்டா அதுக்கும் பில்லு போட்டுருவாகன்னு பயம்போல.

இப்ப உன் விசயத்துக்கு வாரேன். பிஎச்.டி.ங்கிறது, இதுவரைக்கும் உலகத்துல யாருக்கும் தெரியாத ஒண்ணை, அது கடுகளவா இருந்தாலும், நீயாக் கண்டுபிடிச்சு, நாலு பேரு கேக்கிற கேள்விக்கு நின்னு பதில் சொல்றது. அவ்வளவுதான். பாடம் படிச்சு ஒப்பிக்கிற வேலை அங்க செல்லாது. ஜெர்மனிக்காரன் வளத்து விட்ட பழக்கம் இது. அங்க போயி படிச்சுட்டு வந்த அமெரிக்கர்கள் தங்க ஊருலயும் வேணும்னு கேட்டு, யேல் பல்கலைக்கழகம் 1861-ல முதமுதலா மூணு பேருக்குக் கொடுத்துச்சு. இங்கிலாந்து சும்மா இருந்து பாத்துட்டு, 1917-லதான் ஆக்ஸ்ஃபோர்டு ஆரம்பிச்சுது. அதுக்கும் அடுத்தவன் வச்ச பேரை வைப்பானா? டி.ஃபில்.னு எழுத்தை மாத்திப் போட்டுக்கிட்டான். யாராவது டி.ஃபில்.னு சொன்னா, எம்.ஃபில்.லுக்குத் தம்பின்னு நெனச்சுராத, அது பிஎச்.டி.யேதான். எம்.ஃபில்.லை நம்ம பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யு.ஜி.சி., 2022 விதிமுறையில எடுத்தே விட்டுருச்சு.

நம்ம ராமானுஜன் கதை தெரியுமா? கும்பகோணத்துலயும் பச்சையப்பன்லயும் எஃப்.ஏ. பரீட்சை தேறாதவரு. கணக்கைத் தவிர மத்ததைத் திரும்பிப் பாக்கல. அவருக்கு 1916-ல கேம்பிரிட்ஜ் என்ன பட்டம் கொடுத்துச்சு? பி.ஏ.! ஆராய்ச்சி பண்ணினதுக்கு பி.ஏ. அன்னைக்கு அங்க பிஎச்.டி.ங்கிறதே கிடையாது. பின்னால அந்த ஆராய்ச்சிப் பட்டத்துக்குத்தான் பிஎச்.டி.ன்னு பேரு வந்துச்சு. ராமானுஜன் இன்னைக்கு நம்ம ஊருக் காலேஜ்ல வேலைக்கு மனுப் போட்டா, ‘பி.ஏ. மட்டும், நெட் இல்லை’ன்னு முதல் சுத்துலயே கவரைத் திருப்பி அனுப்பியிருப்பானுக. நானே அந்தக் கவரை ஒட்டியிருப்பேன்.

பிஎச்.டி.க்கும் மேல ஒண்ணு இருக்கு, டி.எஸ்சி., டி.லிட்., எல்.எல்.டி.ன்னு. பொதுவா, பிஎச்.டி. வாங்கி, வருசக்கணக்கா எழுதிக் குவிச்சு, அந்தக் குவியலைக் கொண்டு போயிக் கொடுத்து வாங்குறது. இதே எழுத்துகளைத்தான் மேடையில மரியாதைக்கும் கொடுக்கிறாக. அங்கதான் குழப்பமே. ஒரே ஆளை வச்சுச் சொன்னா உனக்கு விளங்கும். அம்பேத்கரை எடுத்துக்க. 1923-ல லண்டன்ல டி.எஸ்சி., 1927-ல கொலம்பியாவுல பிஎச்.டி. ரெண்டும் உக்காந்து எழுதி வாங்கினது. 1952-ல அதே கொலம்பியா கொடுத்த எல்.எல்.டி.யும், 1953-ல உஸ்மானியா கொடுத்த டி.லிட்.டும் கௌரவத்துக்கு. நாலு வகையும் ஒரே ஆளுகிட்ட. இதுல எது எழுதினது, எது கொடுத்ததுன்னு பிரிக்கத் தெரிஞ்சா நீ பாதி டாக்டர்.

அந்த லண்டன் தீசிஸ் ரூபாயைப் பத்தினது. வெள்ளைக்காரன் நம்ம பணத்தை வச்சு ஆடின ஆட்டத்தை அவன் ஊருலயே எழுதி, அவன் கையிலயே கொடுத்தாரு. பரிசோதகருக்குக் காரம் தாங்கல. திருத்திக் கொண்டான்னு திருப்பி விட்டாக. திருத்திக் கொடுத்தாரு, முடிவை மட்டும் விடல. அவரோட கைடு எட்வின் கேனன், அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதும்போதே, இவரு சொல்ற பலதை நான் ஒத்துக்கலன்னு எழுதினாரு. அதுக்கு அடியிலயே கையெழுத்தும் போட்டாரு. அப்பேர்ப்பட்ட கைடு உனக்குக் கிடைச்சா, நம்ம குலசாமிக்கு நானே பொங்கல் வைக்கிறேன். நான் பாத்த இடத்துல, கைடு சொன்னதுல ஒரு கமாவை மாத்தின பையன் ரெண்டு வருசம் வராந்தாவுல நின்னான்.

மேடை டாக்டரைப் பத்தியும் சொல்லிருதேன். எல்லாத்தையும் நையாண்டி பண்ணக் கூடாது. ஏட்டுச் சுவடியைத் தேடி ஊரு ஊராப் போன உ.வே.சாமிநாதையருக்கு 1932-ல சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்துச்சு. அவரு தீசிஸ் எழுதல. அவரு பதிப்பிச்சதை வச்சுத்தான் மத்தவன் எல்லாம் தீசிஸ் எழுதினான். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில விமானப் பொறியியல் படிச்சதோட சரி, உக்காந்து பிஎச்.டி. பண்ணல. பேருக்கு முன்னால இருந்த டாக்டரு பல்கலைக்கழகங்கள் தேடி வந்து கொடுத்தது. நம்ம இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. பள்ளிக்கூடத்தையே முழுசாப் பாக்காதவரு, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல வருகைதரு பேராசிரியரா உக்காந்தாரு. இவுகளுக்கெல்லாம் பட்டமும் பதவியும் கொடுத்ததுல பல்கலைக்கழகத்துக்குத்தான் மரியாதை கூடுச்சு.

மத்த கூட்டமும் இருக்கு. கௌரவப் பட்டத்தைப் பேருக்கு முன்னால போட்டுக்கிறதில்லங்கிறது உலகத்துல பல இடத்துலயும் நாகரிகம். நம்ம ஊருல அன்னைக்குச் சாயங்காலமே ப்ளெக்ஸ் ஏறிரும். அதையாவது பொறுத்துக்கலாம், கொடுத்தது ஒரு நிசப் பல்கலைக்கழகமா இருந்தா. 2023-ல சென்னையில என்ன நடந்துச்சு? அண்ணா பல்கலைக்கழகத்து வளாகத்துல இருக்கிற அரங்கத்தைக் கேட்டு வாங்கி, யாரோ ஒரு தனியார் அமைப்பு சினிமாக்காரர்கள் உட்பட ஒரு கூட்டத்துக்கே டாக்டர் பட்டம் கொடுத்திருச்சு. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு பல்கலைக்கழகம் போலீசுக்கு ஓடுச்சு. சட்டப்படி பட்டம் கொடுக்கிற அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்குந்தான், 1956-லேயே யு.ஜி.சி. சட்டத்துல எழுதி வச்சிருக்கு. மீறினா அதே சட்டத்துல என்ன அபராதம் தெரியுமா? ஆயிரம் ரூபா வரைக்கும். இப்ப ஒரு பொன்னாடை, ஒரு மாலை, ஒரு போட்டோகிராபர் வச்சாலே ஆயிரத்தைத் தாண்டிரும். அபராதம்தான் அங்க மலிவான செலவு!

உன் போனுக்கும் வரும் பாரு, ‘வேலை பாத்துக்கிட்டே ஒரே வருசத்துல டாக்டர் ஆகுங்க, வீட்டுலயே இருங்க, வெளிநாட்டுப் பட்டம்’னு. கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோட சேந்து ஆன்லைன்ல கொடுக்கிற பிஎச்.டி. செல்லாதுன்னு யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022-லேயே அறிவிச்சாச்சு. வேலையில இருந்துக்கிட்டே பகுதிநேரமாப் பண்ணலாம், அது வேற, ஆபீஸ்ல என்.ஓ.சி. வாங்கணும், கோர்ஸ் ஒர்க் முடிக்கணும், முழுநேரத்துக்காரன் படுற பாடு அத்தனையும் படணும். குறுக்கு வழியில வாங்கின பட்டத்தை ஆபீஸ் பீரோவுல வச்சுட்டு, சரிபார்ப்புன்னு ஒரு கடுதாசி வந்ததும் வேர்த்துப் போயி எங்ககிட்ட வந்து, ‘அண்ணே, பழைய பைலு ஏதாவது காணாமப் போகுமா’ன்னு கேட்டவுகளை நான் பாத்திருக்கேன். என்கிட்டப் பைலு காணாமப் போகாது. கிடைக்கத்தான் நேரமாகும்.

இனிமே நான் சொல்றதை மட்டும் எழுதிக்க. மத்ததை மறந்தாலும் பரவாயில்ல.

எவ்வளவு நாளாகும்னு யாரும் உன்கிட்டச் சொல்ல மாட்டாக. விதியில கொறஞ்சது மூணு வருசம், கூடுனது ஆறு. மறுபதிவு பண்ணினா இன்னும் ரெண்டு. பெண் பிள்ளைகளுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு, ஆக பத்து வரைக்கும் போகலாம். பிரசவத்துக்கும் பிள்ளை வளக்கவும் 240 நாள் விடுப்பும் உண்டு. இதை உங்க அப்பன்கிட்டச் சொல்லிறாத. ‘அப்ப கல்யாணத்தை முடிச்சுட்டே படிக்கலாம்ல’ன்னு அன்னைக்கே தரகரை வரச் சொல்லிருவான்.

அப்புறம் கைடு. பட்டம் எந்த எழுத்துங்கிறதை விட இதுதான் தாயி பெருசு. சந்தையில மாடு பிடிக்கிறவன் பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் விலை பேசுவான். நீ அவரு பல்லைப் பாக்க முடியாது, அவருகிட்ட ஏற்கெனவே மாட்டினவுக மூஞ்சியைப் பாரு. மத்தியானம் ஒரு மணிக்கு அந்த லேபுப் பக்கம் போ. பிள்ளைக சிரிச்சுப் பேசிக்கிட்டு சாப்பிட்டா நல்லது. ஒருத்தன் கைடு வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் போயிருக்கான், ஒருத்தி அவரு மகன் புராஜெக்டுக்கு தெர்மாகோல் வெட்டிக்கிட்டிருக்கான்னா, பையைத் தூக்கிக்கிட்டு வந்துரு. அவருகிட்ட எத்தனை பேரு பதிவு பண்ணியிருக்காகன்னு கேளு. பேராசிரியர்னா எட்டு பேரு வரைக்கும், இணைப் பேராசிரியர்னா ஆறு, உதவிப் பேராசிரியர்னா நாலு. அவரு எப்ப ஓய்வு பெறுறாருன்னும் கேளு. மூணு வருசத்துக்கும் கொறவா சர்வீஸ் இருந்தா புதுசா ஆளு எடுக்கக் கூடாது. ஆனா அவரு வாயால சொல்ல மாட்டாரு. ஆபீஸ்ல என்னை மாதிரி ஒருத்தன் கதவோரம் ஸ்டூல்ல உக்காந்திருப்பான், அவன்கிட்டக் கேளு. வெறும் கையோட போகாத. ஒரு டீ போதும்.

உன் ஆராய்ச்சிக் கேள்வி என்னதுன்னு உன்கிட்டக் கேட்டேன், ‘இன்னும் முடிவு பண்ணல தாத்தா, கைடு சொல்லுவாரு’ன்னே. அவரு சொல்லுவாரு, ஏன் சொல்லாம? அவரு இருபது வருசத்துக்கு முன்னால பாதியில போட்டது ஒண்ணு அலமாரியில தூசி பிடிச்சுக் கிடக்கும், அதை உன் தலையில கட்டுவாரு. உங்க அப்பன் காட்டுல குதிரைவாலி வெதைக்கிறான். மழை ஒரு மாசம் பொய்ச்சாலும் தெக்குப் பக்கத்துக் காட்டுல அது நிக்குது, வடக்குப் பக்கத்துல நிக்கல. ஏன்? ஒரே வெதை, ஒரே கரிசல், ஒரே சோம்பேறி உங்க அப்பன். எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டுப் போ. முதல்ல ஷோத்கங்கான்னு ஒரு இடம் இருக்கு, இந்தியாவுல எழுதின தீசிஸ்களை அங்க ஏத்தி வச்சிருக்காக, அதுல யாராவது ஏற்கெனவே எழுதிட்டாகளான்னு பாத்துக்க. பாக்கத்தான் சொல்றேன். எடுக்கச் சொல்லல.

எடுத்தா என்ன ஆகும்னு தெரியணுமா? பத்து சதவீதம் வரைக்கும் ஒத்துப் போனா பொறுத்துக்குவாக. நாப்பது வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும். அறுபது வரைக்கும்னா ஒரு வருசம் தள்ளி வைப்பாக. அறுபதைத் தாண்டினா பதிவே ரத்து. 2018-ல யு.ஜி.சி. போட்ட கணக்கு. ஜெர்மனியில இதுக்காக மந்திரி பதவியே போச்சு. பாதுகாப்பு மந்திரி குட்டன்பெர்க் 2011-ல. அது ஆறுறதுக்குள்ள 2013-ல படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மந்திரியா இருந்த ஷாவான் அம்மாவோட பட்டத்தையும் பறிச்சாக, அவுகளும் எறங்கினாக. நம்ம ஊரு மந்திரிக யாருக்கும் அந்தப் பயம் வேண்டாம். பெரும்பாலும் பட்டம் மேடையில கொடுத்தது, எழுதினாத்தானே காப்பியடிக்க?

காசு விசயத்தை நீயும் கேக்கல, உங்க அப்பனும் கேக்கல. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத் தேறிட்டா மாசம் 37,000, ரெண்டு வருசத்துக்கு அப்புறம் 42,000. தேறலன்னா உங்க அப்பன் குதிரைவாலியை வித்து ஹாஸ்டலுக்குக் கட்டணும். இன்னொண்ணு, உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2023 ஜூலையில இருந்து பிஎச்.டி. கட்டாயம் இல்ல, நெட், செட், ஸ்லெட் இதுல ஒண்ணு தேறினாப் போதும். அதனால வேலைக்காக மட்டும்னா இத்தனை வருசம் வேண்டாம் தாயி. அந்தத் தெக்குக் காட்டுக் குதிரைவாலி ஏன் நிக்குதுன்னு ராத்திரி உனக்குத் தூக்கம் வரலன்னா மட்டும் போ.

கடைசியில வைவா. எக்ஸ்டர்னலுக்குக் காரு, மத்தியானம் பிரியாணி, எல்லாருக்கும் சால்வை, வந்த கூட்டத்துக்கு லட்டும் மிக்சரும்னு ஆராய்ச்சி பண்ணின பிள்ளை தலையிலதான் விழும். விதியில ஒரு லட்டும் கிடையாது. நான் தின்ன லட்டுகளை எண்ணக் கூடாது, அது வேற விசயம். பின்லாந்துல டாக்டர் பட்டம் கொடுக்கிற அன்னைக்கு உசந்த தொப்பியும் இடுப்புல வாளும் உண்டு. நம்ம ஊருல வாள் கொடுத்தா எத்தனை கைடு மிஞ்சுவாகன்னு நெனச்சுப் பாத்தேன், சிரிப்பு வந்துருச்சு. அதனாலதான் நமக்குச் சால்வை.

நாளைக்கே கெளம்பு. நான் சொன்ன மாதிரி ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்துல. அந்தக் கைடுகிட்டப் படிச்ச பழைய பிள்ளைக நம்பரை வாங்கும்போது அவரு காதுல விழாம வாங்கு. அந்த ஸ்டூல்காரன் டீயோட வடையும் கேப்பான், வாங்கிக் கொடு, கணக்குப் பாக்காத. காசை உங்க அப்பன்கிட்ட வாங்கிக்க. டாக்டர் மகளுக்கு இல்லாததான்னு கேட்டாத் தருவான்.